மிளகு மிதந்த தண்ணீர்

இராமசாமி இறந்து பதினான்காவது நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே கால்.

யுகேந்திரன் போனட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினான். இருபத்தாறு வயதான வெள்ளைக் கார். தண்ணீர் டப்பாவுக்குள் கறுப்பாக ஏதோ மிதந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் துணியைப் போட்டுத் திருகினான். அசையவில்லை. இரண்டு கையும் போட்டபோதுதான் திறந்தது. விரலை உள்ளே விட்டு எடுத்து முகர்ந்தான். நாக்கில் வைக்கப் போனான்.

"வைக்காதே," என்றாள் சிவாஜினி.

"பயமுறுத்தாதீங்கக்கா. மிளகு இது." விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "கொஞ்சம் புளி, கொஞ்சம் கொத்தமல்லி போட்டா ரசம் ரெடி."

யாரும் சிரிக்கவில்லை. காரின் சொந்தக்காரர் இப்போது இல்லை. அவருடைய மகள் தினேஸ்வரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்குள்ளிருந்து பருப்பு வேகும் மணம் வந்தது. பதினாறு நாளும் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது.

சிவாஜினி இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் மோதிய கார்களைப் பார்த்தவள். எந்தக் கார் உண்மை சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஓய்வு பெற்றபின் ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு மேலே சிறிய அலுவலகம் திறந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதற்குத்தான் யுகேந்திரன். பத்தொன்பது வருஷம் பெங்கெலில், கார் பட்டறையில், ஸ்பானர் பிடித்தவன். முதுகு போனது, வாய் போகவில்லை.

"போலீஸ் நேத்துதான் காரை விட்டாங்க ஆன்ட்டி," என்றாள் தினேஸ்வரி. "லோரியில ஏத்திக் கொண்டாந்து இறக்கினாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் சும்மா திறந்து பார்த்தார். இது மிதந்துச்சு. யாரோ எங்கப்பா காரில குப்பையைக் கொட்டியிருக்காங்க."

"அதனால?"

"அதனால கார் சூடாகி நின்னிருக்கு. கோப்பெங்குக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரம், அந்த வெயில்ல. தனியா உக்காந்திருந்திருக்கார். நெஞ்சு வலின்னு டாக்டர் எழுதிட்டார். வலி எதனால வந்துச்சுன்னு யாரும் எழுதல." அவள் குரல் உயரவில்லை. "நாளன்னைக்குக் கருமாதி. அதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். அந்தப் பேர் தெரியாம நான் அவருக்குப் படையல் போட மாட்டேன்."

சிவாஜினி காரைச் சுற்றி வந்தாள்.

"கார் வந்த பிறகு ஆரும் தண்ணி ஊத்தினதோ?"

"தொடவே இல்ல."

"பழைய பேப்பர் ஒண்டு தாங்கோ."

எச்சரிக்கை விளக்கு எரிந்து எரிந்து பேட்டரி செத்துப்போயிருந்தது. யுகேந்திரன் தங்கள் காரிலிருந்து ஒயர் போட்டு எஞ்சினை உசுப்பினான். சிவாஜினி பேப்பரை விரித்து ரேடியேட்டருக்குக் கீழே தரையில் தள்ளினாள். மூன்று பேரும் காத்து நின்றார்கள். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். சூடு காட்டும் முள் பாதியில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

சிவாஜினி பேப்பரை வெளியே இழுத்தாள். ஒரு சொட்டும் இல்லை.

"உங்கட அப்பாவின்ர கார் சூடாகி நிக்கேல்லைப் பிள்ளை. அவர்தான் நிப்பாட்டினவர். நெஞ்சு வலிச்சிருக்கு, ஓரங்கட்டி விளக்கைப் போட்டிருக்கிறார். கார் ஒழுங்கா வீடு வந்து சேர்ந்திருக்கும்."

தினேஸ்வரி பேப்பரையே பார்த்தாள். அதில் ஒரு கறை இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப இதைப் போட்டது யாரு?"

யுகேந்திரன் டார்ச் லைட்டை அடித்துக் காட்டினான். ரேடியேட்டரின் கீழ் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. "கிட்ட வந்து பாருங்க தங்கச்சி. அடியில வெள்ளி மாதிரி மினுங்குதா? அது கடையில விக்கிற மருந்து. ஓட்டை அடைக்கிறது. அதுக்கு மேல கறுப்பா இருக்கு பாருங்க, மிளகு. முதல்ல மருந்து ஊத்தியிருக்காங்க, தாங்கல. அப்புறம் மிளகைப் போட்டிருக்காங்க. ஊறி வீங்கி வெடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கும். ரெண்டும் நிரந்தரம் இல்ல லா. அவசரத்துக்கு."

"மிளகு போடுறது ஆர்?" என்றாள் சிவாஜினி.

"பெங்கெல்ல எவனும் போட மாட்டான். தோட்டத்துல ரப்பர் பால் லோரி ஓட்டின பழைய ஆளுங்க போடுவாங்க. காட்டு ரோட்டுல ரேடியேட்டர் ஓட்டையானா கடை ஏது? சோத்துப் பையில மிளகுதான் இருக்கும்."

"எங்கப்பா பால் லோரிதான் ஓட்டினார்," என்றாள் தினேஸ்வரி. "பீடோர்ல. ரப்பரை வெட்டிச் செம்பனை போடுற வரைக்கும்."

"முடிஞ்சுது. அவரே போட்டிருக்கார்."

"அவர் விரலெல்லாம் கோணிப்போச்சு. மருந்து பாட்டில் மூடியைக்கூட நான்தான் திறந்து குடுப்பேன்."

சிவாஜினி ரேடியேட்டர் மூடியைப் பார்த்தாள். யுகேந்திரனுக்கே இரண்டு கை வேண்டியிருந்தது.

"இந்த வித்தையை அவர் ஆருக்குக் காட்டிக் குடுத்தவர்?"

தினேஸ்வரி போனட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"அண்ணன்னு ஒருத்தன் இருந்தான். தர்மேந்திரன்."

"இருந்தவரோ?"

"பதினோரு வருஷத்துக்கு முந்தி அம்மாவுக்கு நெஞ்சு வலி. அவன்தான் ஓட்டினான். இதே கார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சூடாகி நின்னுடுச்சு. ரேடியேட்டர் ஓட்டை. மாத்தாம எதையோ போட்டு அடைச்சிருக்கான். ரெண்டு வாரமா அப்படியே ஓடியிருக்கு. எங்களுக்குத் தெரியாது. அம்மா ரோட்டோரத்துலயே போயிட்டாங்க. பிணத்துக்குப் பக்கத்துல வச்சுக் கேட்டேன், யாரு இதைச் செஞ்சதுன்னு. நான்தான்னு சொன்னான். காரியம் முடிஞ்சதும் வெளிய போன்னு சொன்னேன். போயிட்டான்."

"அப்ப அவர் உங்களோடதான் இருந்தவரோ?"

"இல்ல, சிங்கப்பூர்ல வேலை. அம்மா இறந்ததுக்கு முந்தின நாள்தான் லீவுல வந்தான்."

சிவாஜினி நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள்.

"அப்பாவோட கதைக்கிறவரோ?"

"அப்பா அவன் பேரையே எடுத்தது இல்ல. அவருக்கு வெளிய போற இடம் ஒண்ணுதான். மாசத்துல முதல் திங்கக்கிழமை சிம்பாங் பூலாய்ல ஒரு கூட்டாளியைப் பார்ப்பார். வரும்போது எனக்குக் கொய்யா வாங்கிட்டு வருவார்." நிறுத்தினாள். "அன்னைக்கும் பின் சீட்டுல ஒரு பை இருந்துச்சு. போலீஸ் குடுத்தாங்க. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் கை போனட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. இருபது நிமிஷம் ஓடிய எஞ்சின். இரும்பு சுட்டிருக்கும். அவள் கையை எடுக்கவில்லை.

பின் டிக்கியில், ஸ்பேர் டயருக்கு அடியில், ஒரு காலி பாட்டில் கிடந்தது. ஓட்டை அடைக்கும் மருந்து. அதன் முதுகில் ஒரு கடையின் ஸ்டிக்கர். சிம்பாங் பூலாய்.

*

ஞாயிறு அரை நாள் கடை. கிழவர் லியோங் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார். நாற்பது வருஷம் தமிழர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்றவர். தமிழ் அவருக்கு வியாபார பாஷை.

"தெரியும், தெரியும். விரல் இப்படி." தன் விரல்களை வளைத்துக் காட்டினார். "தண்ணி சொட்டுது, மருந்து குடுன்னு சொன்னார். மூடி தொறக்க முடியல. நான்தான் தொறந்து ஊத்தினேன் லா."

"என்ன சொல்லி ஊத்தினீங்கள்?"

"அங்கிள், இது பிளாஸ்டர், தையல் இல்லைன்னு சொன்னேன். தூரம் போகாதே, நேரா ஈப்போ போ, ரேடியேட்டர் மாத்துன்னு சொன்னேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? பீடோர் வரைக்கும் தாங்குமான்னு."

யுகேந்திரன் சிவாஜினியைப் பார்த்தான்.

"இன்னைக்குப் போக வேணாம்னு சொன்னேன்," என்றார் லியோங். "இன்னைக்குப் போகாட்டி எப்பப் போறதுன்னு சொன்னார். காத்திருப்பாங்களாம்." வெற்று பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போய்ச் சேந்தாரா?"

"போய்ச் சேர்ந்தவர்," என்றாள் சிவாஜினி.

*

பழைய ரோட்டில் தெற்கே போனார்கள். கோப்பெங் தாண்டி, செம்பனை ஓரமாக ஓரிடத்தில் புல் நசுங்கி, பிறகு நிமிர்ந்திருந்தது. யுகேந்திரன் வேகத்தைக் குறைத்தான்.

கம்பார் தாண்டியதும் அவனுக்கு வாய் திரும்பியது.

"கூட்டாளியாவது மண்ணாவது. அப்பனும் மகனும் மாசா மாசம் பார்த்திருக்காங்க. மிளகு போட்டது அண்ணன்தான். தங்கச்சி கேட்ட பேர் கெடச்சாச்சு. அப்படியே பீடோர்ல வாத்து மீ சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாம்கா. காலையில அந்த வீட்டுல குடிச்ச பாலில்லாத தே-ஓவோட ஓடுது வண்டி."

"யுகேன்."

"பசிக்குதுன்னு சொல்றது குத்தமா?"

"ரெண்டு வாரமா அடைச்சுப்போட்டு ஓடின காரை, முந்தின நாள் வந்தவன் எப்படி அடைச்சவன்?"

யுகேந்திரன் ஒரு மர லோரியின் பின்னால் மெதுவாகப் போனான். முந்த இடம் இருந்தது. முந்தவில்லை.

"அந்தப் பிள்ளை ரெண்டையும் ஒரே மூச்சில சொன்னது," என்றாள் சிவாஜினி. "பதினோரு வருஷமா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சிருக்குது. சேர்த்துப் பார்க்கேல்லை."

"அப்ப அவன் ஏன் நான்தான்னு சொன்னான்?"

"அந்த வீட்டில மிளகு போடத் தெரிஞ்ச ஆள் வேற ஆர் இருந்தது?"

லோரி இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டது. ரோடு காலியாக இருந்தது.

"அலாமா," என்றான் யுகேந்திரன்.

பெயர் கிடைத்துவிட்டது. நாளன்னைக்குப் படையல் யாருக்கோ, அவருடைய பெயர். சிவாஜினி நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். முப்பது வருஷத்தில் அவள் எந்த அறிக்கையையும் பாதியில் நிறுத்தியது இல்லை. இதை எழுதாமல் இருக்க முடியுமா என்று முதல் தடவையாக யோசித்தாள்.

*

பீடோரில் வாத்து மீ கடை வாசலில் கூட்டமாக இருந்தது. யுகேந்திரன் அதைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். சந்தியில் கொய்யா விற்ற புஷ்பலதா என்ற அம்மாள், கேட்ட உடனே கையைக் காட்டினாள்.

"விரல் கோணின பெரியவரா? மாசா மாசம் ரெண்டு கிலோ வாங்குவாரு. நறுக்காமக் கடிக்கிற மாதிரி, சின்னதா பார்த்துக் குடும்மான்னு கேப்பாரு, மக டூட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போவுமாம். உள்ள போங்க. கடைசியில பழைய லோரிக் கொட்டகை. அங்கதான் போவாரு."

ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. இரண்டு பக்கமும் செம்பனை, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். லயன் வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வரிசையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் துத்தநாகக் கூரை போட்ட கொட்டகை. ஒரு காலத்தில் பால் லோரிகள் நின்ற இடம். இப்போது உள்ளே ஒரு டிராக்டர். அதற்கு அடியில் இரண்டு கால்.

"பாஸ்!" என்று கூப்பிட்டான் யுகேந்திரன்.

கால்கள் நகர்ந்தன. நாற்பது வயதுக்காரன் வெளியே வந்தான். அடர்ந்த மீசை. எண்ணெய் வைத்து வாரிய தலை. தினேஸ்வரியின் நெற்றி. அவர்கள் காரின் பின்னால் ஒட்டியிருந்த ஈப்போ டயர் கடை ஸ்டிக்கரைப் பார்த்தான். சிவாஜினியின் முகத்தைப் பார்த்தான்.

"தங்கச்சி அனுப்பிச்சாளா?" என்றான்.

"ஓம்," என்றாள் சிவாஜினி. அது உண்மைதான்.

அவன் முகம் விரிந்தது. கையைத் துணியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"சொல்லிட்டாரு! அப்பா சொல்லிட்டாரு. இல்லாட்டி நீங்க எப்படி இந்த இடத்துக்கு வருவீங்க?" பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டான். ஒன்றில் மெத்தை கட்டியிருந்தது. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நீட்டினான். "உக்காருங்கக்கா. உக்காருங்கண்ணே. மாசா மாசம் வந்து இதே பேச்சுதான். இந்தத் தடவ அவகிட்ட சொல்லிடுறேன்டா, நான்தான்டா மிளகைப் போட்டு வச்சேன், நீ பழியை ஏத்துக்கிட்டன்னு சொல்லிடுறேன்டாம்பாரு. அடுத்த மாசம் வந்து, வாயே வரலடாம்பாரு. பதினோரு வருஷமா வாய் வரல மனுசனுக்கு."

"நீங்கள் ஏன் ஏத்துக்கொண்டனீங்கள்?"

அவன் அதை முன்பே பலமுறை யோசித்து முடித்தவன் போல உடனே சொன்னான்.

"அவ அப்பாவோட ஒரே வீட்டுல இருக்கணும்லக்கா. அம்மா போயாச்சு. அப்பாவையும் வெறுத்துட்டா அவளுக்கு யாரு? நான் சிங்கப்பூர்ல இருக்கிறவன். இல்லாட்டியும் பழகிக்குவா." சிரித்தான். "ரொம்ப நல்லாத்தான் பழகிக்கிட்டா. இங்க வந்தா இந்தக் கொட்டகையாவது இருக்கேன்னு வந்துட்டேன். போன் வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு, அவ பார்த்துடுவாளாம். முதல் திங்கக்கிழமை, அவ்வளவுதான்."

"போன தடவை வந்தபோது?"

"வரும்போதே சொட்டிக்கிட்டுதான் வந்துச்சு. யாரோ மருந்து ஊத்தி அனுப்பியிருக்கான். இங்க வந்து சேரவும் மருந்து விட்டுடுச்சு. ராத்தங்குங்கப்பா, நாளைக்கு வேற ரேடியேட்டர் போட்டுத் தரேன்னேன். கேக்கல. இன்னைக்கு அவ மத்தியானம் வந்துடுவா, இன்னைக்கே சொல்லணும், நாளைக்குன்னா மறுபடி வாய் வராதுன்னாரு." கொட்டகைத் தூணோரம் கையைக் காட்டினான். அட்டைப் பெட்டியில் புது ரேடியேட்டர் சாய்ந்து நின்றது. பெட்டியின் மேல் அப்பா என்று மார்க்கரில் எழுதியிருந்தது. "மிளகைக் கையில எடுத்துட்டு நின்னேன்கா. போடவே கை வரல. அம்மா ஞாபகம். அவருதான் போடுடான்னாரு. போட்டு, மூடியை இறுக்கி அனுப்பிச்சேன்."



"சாப்பிடாமப் போகக் கூடாது," என்றான் தர்மேந்திரன். அடுப்பு மூலைக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்தான். "ஞாயித்துக்கிழமை. கோழிக்கறி. இப்பத்தான் இறக்கினேன். அண்ணே, தட்டு பிடிங்க."

யுகேந்திரன் தட்டை வாங்கினான். காலையிலிருந்து பசி என்று புலம்பியவன். சோறு விழுந்தது. கறி விழுந்தது. அதன் மணம் கொட்டகை முழுவதும் பரவியது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெத்தை கட்டிய நாற்காலியைப் பார்த்தான். தட்டை மெதுவாக டிராக்டர் சக்கரத்தின் மேல் வைத்தான்.

"அக்கா," என்றான் அடிக்குரலில். "பதினாலாம் நாள்."

சிவாஜினி அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். சட்டியை. எண்ணெய் மினுங்கும் தலையை. தினேஸ்வரி பத்திரிகையில் போடவில்லை. சொந்தங்களுக்கு மட்டும் சொன்னாள். இவன் சொந்தம் இல்லை என்று பதினோரு வருஷத்துக்கு முன்பே எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

கேள்வி கேட்பது சிவாஜினியின் தொழில். இங்கே கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

"ஏண்ணே, உறைப்பா?" என்றான் தர்மேந்திரன். அவனே பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிவாஜினிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். "வீட்டுக்கு வரச் சொன்னாளாக்கா? வரச் சொல்லாட்டியும் பரவால்ல. அவ டூட்டிக்குப் போன நேரமாப் பார்த்து வந்து ரேடியேட்டரை மட்டும் மாத்திட்டு வந்துடுறேன். அந்த மிளகு ரொம்ப நாளைக்கு நிக்காது."

செம்பனைகளுக்கு நடுவே எங்கோ ஒரு மோட்டார்சைக்கிள் போனது. அந்தச் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். யுகேந்திரன் தொடாமல் வைத்த தட்டைப் பார்த்தான். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கார் வீடு வரைக்கும் தாங்குச்சுல்ல, அக்கா?"